தூர்வாரல் கேலிச்சித்திரம் ஜெராக்ஸில் கறுத்துப்போகுது

குடவாசல்: ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்னாடி, தூர்வாராத வாய்க்காலைக் கிண்டலடிச்சு ஏ4 நோட்டீஸ் போடணும். பென்சில் நிழலெல்லாம் ஜெராக்ஸில் அப்பிக்குது. என்ன செய்ய?

வலங்கைமான்: பென்சிலை விடுங்க. ஏ3 தாளில் இந்தியன் இங்க்கில் வரைஞ்சு 71 சதவீதமாச் சுருக்குங்க. நிழலுக்குக் குறுக்கும் நெடுக்குமாக் கோடு போடுங்க. கோடுகளுக்கு நடுவே 1 மி.மீ. கூட இல்லைன்னா சுருக்குறப்போ ஒட்டிக்கும். மை காய்ஞ்சபிறகே ரப்பர் போடுங்க, இல்லாட்டி இழுவிடும்.

மன்னை: கோடு சரி, கிண்டல் எங்கே? அதிகாரியோட தொப்பை, நிறத்தைப் பெருக்கினா அது வெறும் வசவு. அவர் கையில் 'தூர்வாரி முடிந்தது' பில், பின்னால் ஆகாயத்தாமரை மேல கொக்கு நடக்கட்டும்.

குடவாசல்: அதிகாரி முகம் வேண்டாமாண்ணே?

மன்னை: ஜீப்பும் கோப்பும் போதும், பதவி தெரிஞ்சிடும். பாரதி தன் 'இந்தியா' பத்திரிகையில் கார்ட்டூனுக்கு விளக்கமும் எழுதினார். ஆனா நோட்டீஸுக்கு விளக்கம் ஒரு வரி தாண்டாதீங்க.