ஏஐ-யை டீமேட் கணக்கோடு இணைத்தால் மொத்தம் குறைவாகக் காட்டுகிறது

காவேரிப்பட்டணம்_காரன்:
வணக்கம். என் புரோக்கர் தரும் எம்சிபி இணைப்பை (ஏஐ வெளித் தரவைப் படிக்க உதவும் வழி) கிளாட் என்ற ஏஐயின் டெஸ்க்டாப் ஆப்பில் போட்டிருக்கிறேன். லாகின் ஆகிறது, ஹோல்டிங்ஸ் (கையிருப்புப் பங்குகள்) வருகிறது. ஆனால் மொத்த மதிப்பு ஆப்பில் இருப்பதைவிடக் குறைவு. ஒரு பங்கு 100 இருக்க வேண்டியது 40 என்று காட்டுகிறது. தருமபுரி ஏஜென்ட் மூலம் போட்ட மியூச்சுவல் ஃபண்ட் எதுவுமே இல்லை. காலையில் கேட்டால் "செஷன் முடிந்தது" என்கிறது. நீண்டகால லாபத்துக்கான ஒண்ணேகால் லட்சம் வரி விலக்குக்குள் எவ்வளவு விற்கலாம் என்று கேட்டால், பதில் ஒவ்வொரு தடவையும் மாறுகிறது. அப்பாவின் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வழி உண்டா? அவர் பென்னாகரத்தில் இருக்கிறார், ஓடிபி அவர் போனுக்குத்தான் போகும்.

ஓசூர்_லேத்:
அந்த 60 பங்கை மார்ஜினுக்கு (வர்த்தகத்துக்கான பிணைத்தொகை) அடமானம் வைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அடமான அளவும், வாங்கி இன்னும் டீமேட்டுக்கு வந்து சேராத டி1 அளவும் தனித்தனி களங்களில் வரும். ஏஐ பெரும்பாலும் முதல் அளவை மட்டும் எடுத்து விலையோடு பெருக்கிவிடும். அந்த ஒரு பங்குக்கு மட்டும் "சர்வர் அனுப்பிய எல்லாக் களங்களையும் அப்படியே காட்டு, கணக்கு எதுவும் போடாதே" என்று கேளுங்கள், எது விட்டுப்போனது என்று தெரிந்துவிடும். இன்றே வாங்கியது ஹோல்டிங்ஸில் இருக்காது, பொசிஷன்ஸ் என்ற தனிப் பட்டியலில் இருக்கும். அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

செஷன் முடிவது கோளாறு இல்லை. ஜெரோதா என்ற புரோக்கரின் கைட் தளத்தை எடுத்துக்கொண்டால், டோக்கன் (லாகின் அனுமதி) மறுநாள் காலை 6 மணிக்குக் காலாவதி. மறுபடி லாகின் லிங்க் கேட்டு, பிரவுசரில் திறந்து, பாஸ்வேர்டும் டிஓடிபியும் (ஆதன்டிகேட்டர் ஆப் காட்டும், அடிக்கடி மாறும் எண்) புரோக்கர் பக்கத்தில்தான் போட வேண்டும். சாட்டில் பாஸ்வேர்டைத் தட்டவே கூடாது. தினமும் தானாக லாகின் ஆக ஸ்கிரிப்ட் எழுதித் தருகிறேன் என்று ஏஐயே சொல்லும். அதற்கு டிஓடிபி ரகசியச் சாவியைக் கணினியில் வைக்க வேண்டும், அப்படி வைத்தால் இரண்டாவது பூட்டு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

வரிக் கேள்வி வேறு ரகம். ஹோல்டிங்ஸில் வருவது அளவு, சராசரி விலை, கடைசி விலை. எந்த லாட் (ஒரு தடவை வாங்கிய தொகுதி) எந்தத் தேதியில் வாங்கியது என்பது அதில் இல்லை. மண்டியில் இன்றைய இருப்பை மட்டும் பார்த்து எந்தக் கூடை என்றைக்கு வந்தது என்று சொல்ல முடியாதல்லவா. தேதி இல்லாததால் ஏஐ ஊகிக்கிறது, அதனால்தான் பதில் மாறுகிறது. எக்ஸ்ஐஆர்ஆர் (தேதி வைத்துப் போடும் ஆண்டு வருமான வீதம்) கேட்டாலும் இதே கதை: 200-க்கு வாங்கி 300 ஆனால் 50 சதவீதம், அது 5 வருஷத்தில் வந்திருந்தால் ஆண்டுக்குச் சுமார் 8.4 சதவீதம்தான். எம்சிபியில் உள்ள ட்ரேட்ஸ் கருவியும் உதவாது, கைட் ஏபிஐயில் அது அன்றைய வர்த்தகத்தை மட்டும் தரும். புரோக்கரின் பேக்-ஆபீஸ் பக்கத்தில் இருந்து ட்ரேட்புக்கை (எல்லா வர்த்தகங்களின் பதிவு), கணக்கு தொடங்கிய வருஷம் முதல், சிஎஸ்வியாக இறக்கிக் கொடுங்கள்.

பாலக்கோடு_தக்காளி:
ஃபண்ட் விஷயம். ஏஜென்ட் மூலம் போட்டது பெரும்பாலும் ஃபோலியோவாக (ஃபண்ட் நிறுவனத்திடமே உள்ள கணக்கு) இருக்கும், டீமேட்டில் இருக்காது. புரோக்கர் இணைப்பு அதைப் பார்க்க வழியே இல்லை. கேம்ஸ் தளத்தில் கேம்ஸ் + கேஃபின்டெக் (ஃபண்ட் கணக்குகளைப் பராமரிக்கும் இரு நிறுவனங்கள்) சேர்ந்த சிஏஎஸ் (ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை) கேளுங்கள். "டீடெயில்ட்" என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், சம்மரியில் பரிவர்த்தனை வராது. தொடக்கத் தேதியை முதல் முதலீட்டுக்கு முந்தையதாகப் போடுங்கள். நடுவில் இருந்து எடுத்தால் "ஓபனிங் பேலன்ஸ்" என்று ஒரு வரி வந்து நிற்கும், அந்த யூனிட்டுக்கு வாங்கிய விலை தெரியாது, முதலில் வந்தது முதலில் போகும் கணக்கு முழுக்க உடைந்துவிடும்.

அந்த சிஏஎஸ் பிடிஎஃப்பை அப்படியே ஏஐயில் ஏற்றாதீர்கள். பான், முகவரி, மொபைல், ஃபோலியோ எண், நாமினி பெயர் எல்லாம் அதில் இருக்கிறது. கேஸ்பார்சர் என்ற இலவச பைத்தான் நிரல் உண்டு. நம் கணினியிலேயே சிஎஸ்வியாக மாற்றும். பான், ஃபோலியோ நெடுவரிசைகளை நீக்கிவிட்டு மிச்சத்தைக் கொடுங்கள்.

அப்பா கணக்குக்கும் இதே வழிதான். அவர் பாஸ்வேர்டை வாங்கி நீங்கள் லாகின் செய்வது சரியில்லை. டெபாசிட்டரி (டீமேட் பங்குகளை வைத்திருக்கும் என்எஸ்டிஎல், சிடிஎஸ்எல்) அனுப்பும் சிஏஎஸ் அவர் மின்னஞ்சலுக்கு வரும், அவர் முதல் பெயராகவும், கூட்டுப் பெயர் வரிசை ஒன்றாகவும் உள்ள டீமேட் எல்லாம் ஒரே அறிக்கையில் இருக்கும், பாஸ்வேர்டு பான் எண், பெரிய எழுத்தில். பரிவர்த்தனை இல்லாத மாதத்தில் வராது, அப்போது அரையாண்டு அறிக்கைதான்.

காவேரிப்பட்டணம்_காரன்:
அடமானம்தான் சார், மொத்தம் இப்போது ஒத்துப்போகிறது. ட்ரேட்புக் கொடுத்தும் வரிக் கணக்கில் சில ஆயிரம் இடிக்கிறது. அக்கவுன்ட் அக்ரிகேட்டர் ஆப் (நம் சம்மதத்தோடு நிதித் தரவை அனுப்பும் சேவை) வழியாக எல்லாவற்றையும் ஒரேயடியாக ஏஐக்குக் கொண்டுவர முடியாதா?

அதியமான்கோட்டை:
முடியாது. அந்த வழியில் தரவு வாங்குபவர் ரிசர்வ் வங்கி, செபி போன்ற ஒழுங்குமுறை அமைப்பிடம் பதிவான நிறுவனமாக இருக்க வேண்டும். தனிநபர் தன் சாட் பெட்டிக்கு நேராக இழுக்க முடியாது.

ஆயிரம் இடிப்பதற்கு இரண்டு இடம் பாருங்கள். போனஸ் (இலவசமாகத் தரும் பங்கு), ஸ்பிளிட் (ஒரு பங்கைப் பலவாகப் பிரிப்பது) ட்ரேட்புக்கில் வராது, கையால் சேர்க்க வேண்டும். போனஸ் பங்குக்கு அடக்கவிலை பூஜ்யம், ஒதுக்கிய தேதியில் இருந்துதான் நீண்டகாலத்துக்கான 12 மாதம் எண்ண வேண்டும். ஸ்பிளிட்டில் பழைய தேதியே தொடரும், விலை மட்டும் பிரியும். அடுத்தது, 31 ஜனவரி 2018 அன்றோ அதற்கு முன்போ வாங்கியவை: அன்றைய உச்ச விலை, விற்ற விலை இரண்டில் குறைந்ததை எடுத்து, அதையும் உங்கள் அசல் விலையையும் ஒப்பிட்டு, கூடியதுதான் அடக்கம். இதை ஏஐ தானாகச் செய்யாது, அந்த விலையை ஒரு நெடுவரிசையாக நீங்கள் கொடுக்க வேண்டும். விகிதத்தையும் எழுதிக் கொடுங்கள்: 23 ஜூலை 2024 முதல் நீண்டகாலம் 12.5 சதவீதம், குறுகிய காலம் 20. பழைய 10, 15-ஐ வைத்துப் போட்டுவிட்டு நம்பிக்கையோடு பேசும். கூட்டல் பெருக்கலை வாயால் செய்ய விடாமல் பைத்தான் எழுதி ஓட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஜெரோதா நடத்தும் எம்சிபி சர்வரில் ஆர்டர் போடும் கருவிகளை எடுத்துவிட்டார்கள். அதே நிரலை இறக்கி உங்கள் கணினியில் ஓட்டினால் அவையும் சேர்ந்து வரும், கான்ஃபிகில் (அமைப்பில்) விலக்கிவிட்டு ஓட்டுங்கள். டீமேட் இணைந்திருக்கும் சாட்டில் பங்குச் செய்தித் தளங்களைப் படிக்கச் சொல்லவும் வேண்டாம். பக்கத்தில் ஒளித்து எழுதியிருக்கும் கட்டளையை அது உங்கள் கட்டளை என்று எடுத்துக்கொள்ளக்கூடும். செய்திக்கு வேறு சாட் திறந்துகொள்ளுங்கள்.