எம்.ஜி. மிட்ஜெட்டுக்கு நிசான் எஞ்சின் போடலாமா?

கொக்குவிலான்:
அப்பாவின் 1970 எம்.ஜி. மிட்ஜெட், பிரித்தானியாவின் சிறிய ஸ்போர்ட்ஸ் கார், பல ஆண்டுகளாகக் கொட்டிலில் நிற்கிறது. சென்ற கிழமை எஞ்சினைப் பிரித்தோம். கிராங்கில், அதாவது பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டில், விரல் நகம் சிக்கும் அளவுக்குக் கீறல். கீறலைப் போக்க முன்பே அதை 0.020 அங்குலம் கடைந்திருக்கிறார்கள். நிசான் ஏ12 எஞ்சின் ஒன்று ஐந்து கியர் பெட்டியோடு கிடைக்கிறது. 1,171 சிசிதான், ஆனால் கிராங்கைத் தாங்க ஐந்து பேரிங். மிட்ஜெட்டின் 1,275 சிசிக்கு மூன்றுதான். அதையே போட்டுவிட நினைக்கிறேன்.

சுன்னாகத்தார்:
வேண்டாம் தம்பி. உங்கள் எஞ்சின் 1951இல் ஒஸ்ரின் ஏ30 காரோடு வந்த குடும்பம். மொறிஸ் மைனர் 1000க்கும் அதே குடும்பம்தான். அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகள் யாழ்ப்பாணத்தில் இன்னும் இருக்கின்றன. பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் கிடைக்காதபோது என் மைனரை மண்ணெண்ணெயில் ஓட்டினேன். சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலைக் கார்புரேட்டரில் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்டார்ட் செய்வேன். சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவேன். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைக் கஞ்சித் தண்ணீராக்கிவிடும். அத்தனையையும் தாங்கிய எஞ்சின் அது. மூன்று பேரிங் என்று அதைத் தள்ளிவிடாதீர்கள்.

மானிப்பாய் வாசி:
ஐயா, 1974இல் எம்.ஜி. நிறுவனமே மிட்ஜெட்டின் பழைய எஞ்சினைக் கைவிட்டு ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரின் 1,493 சிசி எஞ்சினைப் போட்டது. நிறுவனம் செய்தால் சரி, கொக்குவிலில் செய்தால் பிழையா?

சுன்னாகத்தார்:
அமெரிக்கப் புகைக் கட்டுப்பாடுகளுக்குள் நின்று விற்பதற்காக அப்படிச் செய்தார்கள். அந்த எஞ்சினுக்கும் மூன்று பேரிங்தான். மிட்ஜெட்டுக்குத் தனிச் சேஸி கிடையாது. தகட்டு உடலே சேஸி. எஞ்சின் தாங்கிகளுக்காக அதில் வெட்டி ஒட்டினால் மீளாது. பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கத்தையும் மாற்றி எழுத வேண்டும். அது தனி அலைச்சல்.

மானிப்பாய் வாசி:
கொட்டிலில் துருப்பிடிக்கும் அசலைவிட வீதியில் ஓடும் கலப்பு மேல் என்பதுதான் என் நிலை. பாகத்துக்காக இங்கிலாந்துப் பார்சலை மாதக்கணக்கில் பார்த்திருக்க எல்லோருக்கும் முடியாது.

வல்வெட்டித்துறையான்:
தம்பி, கிராங்கை எறிய அவசரப்படாதீர்கள். 0.030, 0.040 அங்குலம் கடைந்த கிராங்குக்குப் பொருந்தும் பேரிங்கும் கிடைக்கிறது. இன்னும் ஒரு கடைசல் தாங்கும். மிட்ஜெட்டின் உண்மையான குறை கியர் பெட்டி. முதல் கியருக்கு, கியர் உரசாமல் விழ உதவும் சிங்க்ரோ இல்லை. கடைசிக் கியரான நாலாவதில் 60 மைல் வேகத்துக்கே எஞ்சின் நிமிடத்துக்கு 3,600 சுற்றுவரை சுழல்கிறது. ஏ9 வீதியில் வவுனியா போய் இறங்கும்போது காது அடைத்துவிடும். வெளிநாடுகளில் பலர் எஞ்சினை விட்டுவிட்டு, இரண்டையும் பொருத்த இடைத்தட்டு ஒன்று வைத்து, நிசானின் ஐந்து கியர் பெட்டியை மட்டும் பூட்டுகிறார்கள்.

சுன்னாகத்தார்:
கியர் பெட்டி என்றால் எனக்கு மறுப்பில்லை. பழையதை எண்ணெய் பூசிச் சுற்றி வையுங்கள்.

கொக்குவிலான்:
நாளை மைக்ரோமீட்டரோடு கராஜுக்குப் போகிறேன். 0.030இல் கீறல் போனால் அப்பாவின் எஞ்சின் காரிலேயே இருக்கும். போகாவிட்டால் 0.040 கடைந்து பார்ப்பேன். நிசான் எஞ்சினுக்கு முற்பணம் கொடுத்துவிட்டேன்; அதன் கியர் பெட்டியை எப்படியும் எடுப்பேன்.