காமினோ நடைல காஸ்ட்ரோஹெரிஸ்ல ரெண்டு ராத்திரி தங்கலாமா, தாண்டிப் போயிடலாமா?

தென்றல்நடை:
எல்லாருக்கும் வணக்கம். செப்டம்பர்ல நானும் அம்மாவும் ஸ்பெயின்ல சாந்தியாகோவுக்குப் போற காமினோ பிரான்செஸ் யாத்திரைப் பாதைல புர்கோஸ்ல ஆரம்பிச்சு லியோன் வரைக்கும் நடக்கப் போறோம். அம்மாவுக்கு 62 வயசு, சமதரைல எவ்வளவு தூரம்னாலும் நடப்பாங்க, இறக்கம் வந்தா மட்டும் முட்டி வலிக்கும். பாக்கற இடத்துல எல்லாம் ஒரே பிளான்தான் இருக்கு, ஒர்னியோஸ், அப்புறம் காஸ்ட்ரோஹெரிஸ், அப்புறம் ஃப்ரோமிஸ்டா. எங்கயாவது ஒரு ஊர்ல ஒரு நாள் நடக்காம சும்மா உக்காரணும்னு அம்மாவுக்கு ஆசை. காஸ்ட்ரோஹெரிஸ் போட்டோ பாத்ததுல இருந்து எனக்கு அங்கதான்னு மனசு சொல்லுது, ஆனா ஆயிரம் பேர் கூட இல்லாத ஊரு, ஒரு நாள் முழுக்க என்ன பண்றதுன்னு ஒரு நண்பர் கேக்கறாரு. தங்கினவங்க யாராவது சொல்லுங்களேன். அம்மா சைவம், முட்டை மட்டும் சேத்துப்பாங்க, சாப்பாடு எப்படின்னும் சொன்னா நல்லாருக்கும்.

மேசெட்டாமணி:
தங்குங்க, யோசிக்கவே வேணாம். அந்தப் பக்கம் மேசெட்டா (மேட்டுச் சமவெளி) முழுக்க கோதுமை வயலும் வானமும்தான், நிழல் கிடையாது, சில ஊர் பக்கத்துல போற வரைக்கும் கண்ணுக்கே தெரியாது, ஒன்டானாஸ் அப்படித்தான் பள்ளத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கும். காஸ்ட்ரோஹெரிஸ் அதுக்கு நேர் எதிர். ஒரு மொட்டைக் குன்று, உச்சில இடிஞ்ச கோட்டை, அடிவாரத்தைச் சுத்தி வளைஞ்சு ஊரு, ரொம்ப தூரத்துலயே தெரிய ஆரம்பிச்சிடும், ஆனா நடக்க நடக்க கிட்ட வர்ற மாதிரியே இருக்காது.

ஊருக்கு மூணு நாலு கிலோமீட்டர் முன்னாடியே சான் அன்டோன் மடத்தோட இடிபாடு வரும். அங்க அவசரப்படாதீங்க. தார் ரோடே அந்தப் பழைய கல் வளைவுக்கு அடில புகுந்துதான் போகுது, கார் வந்தாலும் அதே வழிதான். அந்தக் காலத்துல கம்பு மாதிரி ரை-னு ஒரு தானியம், அதுல பூஞ்சை பிடிச்சு, அந்த ரொட்டியச் சாப்பிட்டவங்களுக்கு கை கால் எரிஞ்சு கருகிப் போற நோய் வந்துது, அதுக்கு அந்தோனியார் நெருப்புன்னே பேரு. அந்த நோயாளிகளைப் பாத்துக்கறதுக்குன்னே இருந்த துறவிகளோட மடம் இது. வளைவுக்கு அடில சுவத்துல ரெண்டு மாடம் இருக்கும் பாருங்க, கதவு சாத்தினதுக்கு அப்புறம் ராத்திரில வர்ற யாத்ரீகர்களுக்கு அதுலதான் ரொட்டி வெச்சிட்டுப் போவாங்களாம். பழனி பாதயாத்திரைல ரோட்டோரம் நீர்மோர் வெச்சிட்டு நிக்கறவங்கதான் எனக்கு ஞாபகம் வந்தாங்க. இப்ப அந்த மாடத்துல நடக்கறவங்க துண்டுச் சீட்டு எழுதி, மேல கல்லு வெச்சிட்டுப் போறாங்க.

ஊருக்குள்ள நுழையறப்பவே சான்டா மரியா தெல் மன்சானோ கோயில் வந்துடும், அங்க இருக்கற மாதாவோட அற்புதங்களை 13ஆம் நூற்றாண்டுலயே அல்ஃபோன்சோ ராஜா தொகுத்த பாட்டுகள்ல பாடியிருக்காங்க. அப்புறம் ஒரே நீளத் தெரு, நடந்துட்டே இருக்கலாம், முதல்ல வர்ற பார்லயே உக்காந்துட்டு ஊரு இவ்வளவுதான்னு நினைச்சிடாதீங்க. சாயங்காலம் வெயில் தணிஞ்சதும் கோட்டைக்கு ஏறுங்க, நீங்க வந்த பாதையும் மறுநாள் ஏறப் போற மேடும் ரெண்டும் ஒண்ணா தெரியும். இதுக்காகவே ஒரு நாள் தகும்.

கல்லும்முள்ளும்:
மணி சொன்னது எல்லாம் சரி, ஆனா என்னைக் கேட்டா ஒரு ராத்திரி சான் அன்டோன் இடிபாட்டுக்குள்ளயே தங்கணும். அங்க ஒரு குட்டி அல்பெர்கே (யாத்ரீகர் விடுதி) இருக்கு, கரண்ட் கிடையாது, மெழுகுவத்திதான், கட்டணம்னு எதுவும் இல்ல, முடிஞ்சதை உண்டியல்ல போடணும், ராத்திரி எல்லாரும் ஒரே மேஜைல சாப்பிடுவாங்க. கூரை இல்லாத கோயிலுக்குள்ள நின்னு அண்ணாந்து பாத்தா நட்சத்திரமா கொட்டிக் கிடக்கும். வெயில் காலத்துல மட்டும்தான் திறப்பாங்க, அதனால செப்டம்பர் கடைசின்னா கேட்டு உறுதி பண்ணிக்கங்க. படுக்கை ரொம்பக் கம்மி, மதியமே போய்ச் சேந்துடணும். மறுநாள் காலைல ஒரு மணி நேரத்துல காஸ்ட்ரோஹெரிஸ், அங்க அறை எடுத்து அன்னிக்கு முழுக்க ரெஸ்ட். அம்மா கேட்ட ஓய்வும் கிடைச்சிடும்.

உப்புமாயாத்திரி:
ஒரு முக்கியமான விஷயத்தை ரெண்டு பேருமே விட்டுட்டீங்க. நகராட்சி அல்பெர்கேல பொதுவா ஒரு ராத்திரிக்கு மேல விடமாட்டாங்க, உடம்பு முடியலன்னா மட்டும்தான் விதிவிலக்கு. ராத்திரி பத்து மணிக்கு விளக்கை அணைச்சுடுவாங்க, காலைல எட்டுக்குள்ள இடத்தைக் காலி பண்ணணும். அதனால ரெண்டாவது ராத்திரிக்கு ஒஸ்தால்லயோ (சின்ன ஹோட்டல்) காசா ருரால்லயோ (கிராமத்து வீட்டு விடுதி) முன்னாடியே ரூம் போட்டுடுங்க, செப்டம்பர்ல கூட்டம் நல்லாவே இருக்கும்.

சாப்பாட்டுக்கு வருவோம். யாத்ரீகர் மெனுன்னு மூணு கோர்ஸ் தருவாங்க, கூட வைனோ தண்ணியோ உண்டு. சைவம்னு மட்டும் சொன்னா பத்தாது, சாலட்ல டூனா மீனைத் தூவிடுவாங்க, பயறு சூப்ல சொரிசோ (பன்னி இறைச்சி சாசேஜ்) கிடக்கும், பூண்டு சூப்ல கூட பன்னி இறைச்சித் துண்டு போடறது உண்டு. "சின் கார்னே, சின் ஹமோன், சின் அதூன்" மூணையும் சேத்தே சொல்லுங்க, இறைச்சி, பன்னித்தொடை, டூனா எதுவும் வேணாம்னு அர்த்தம். முட்டை ஓகேன்னா கவலையே இல்ல, உருளைக்கிழங்கு தோர்த்தியா (தடிமனான ஆம்லெட் மாதிரி) எந்த பார்லயும் கிடைக்கும், காலைலயும் கிடைக்கும். கடையை மதியம் ரெண்டு மணி வாக்குல மூடினா அஞ்சு மணிக்குத்தான் திறப்பான், ஞாயித்துக்கிழமை நம்பவே நம்பாதீங்க, பழம் ரொட்டி எல்லாம் சனிக்கிழமையே வாங்கி வெச்சுக்கங்க. ராத்திரிச் சாப்பாடும் லேட்டுதான், ஏழு மணிக்கு முன்னாடி அடுப்பே பத்தாது.

தென்றல்நடை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, சான் அன்டோன் மேட்டர் கேட்டதும் அம்மா முடிவே பண்ணிட்டாங்க. மணி சார், மறுநாள் மேடுன்னு சொன்னீங்களே, அம்மா முட்டிக்கு அது தாங்குமா?

மேசெட்டாமணி:
அது மோஸ்டெலாரேஸ் மேடு. ஊரைத் தாண்டினதும் ஒரு சின்ன ஆத்தைக் கடந்து உடனே ஏத்தம், சுமார் ஒரு கிலோமீட்டர்தான், ஆனா நெட்டுக்குத்தா இருக்கும். மூச்சு வாங்கும், முட்டிக்கு ஒண்ணும் ஆகாது. உச்சில உக்கார நிழல்கொட்டகை இருக்கு, கொஞ்சம் சமதரை, அதுக்கப்புறம் வர்ற இறக்கம்தான் உங்க பிரச்சனை, தூரம் கம்மி ஆனா ஏறினதை விட செங்குத்து. ரெண்டு கைலயும் ஸ்டிக் கட்டாயம், சின்னச் சின்ன அடியா, நிதானமா வரச் சொல்லுங்க. அன்னிக்கு மட்டும் பெரிய பைய அடுத்த ஊருக்கு அனுப்பிடுங்க, ஸ்பெயின் தபால்துறையே பை கொண்டு போற சேவை நடத்துது. ஒரே ஒரு விஷயம், உண்டியல் முறைல நடக்கற அல்பெர்கே நிறையப் பேர் அனுப்பின பைய வாங்க மாட்டாங்க, தங்கற இடத்துல முதல்லயே கேட்டுட்டு அனுப்புங்க. தண்ணிய ஊர்லயே நிரப்பிடுங்க, மேல கிடையாது. ஃப்ரோமிஸ்டா வரைக்கும் சுமார் 25 கிலோமீட்டர், அம்மாவுக்கு முடியலன்னா போவாதியா தெல் காமினோலயே நிறுத்திக்கங்க, அங்கயும் நல்ல அல்பெர்கே இருக்கு.