இரும்போடு கல்லும் சேர்ந்து பனிக்குள் அமிழ்கிறது: சோதனையில் எங்கே பிழை?

கேள்வி

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறேன். அண்டார்டிகாவில் விண்கல் தேடுவோரை நெடுநாள் குழப்பிய ஒரு புதிரை அறிவியல் கண்காட்சிக்காகச் செய்து காட்ட முயன்று தோற்றுப்போனேன். விழுவதைக் கண்டு எடுக்கப்படும் விண்கற்களில் நூற்றுக்கு ஐந்தாவது இரும்பாக இருக்கையில், அங்கே நீலப்பனிப் பரப்பில் (மேலே புதுப்பனி படியாமல் இறுகிய பழைய பனி வெளித்தெரியும் இடம்) பொறுக்கப்படுபவற்றில் இரும்பு நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறுவதில்லை. வெயிலில் சூடேறும் இரும்பு அடியிலுள்ள பனியை உருக்கிக்கொண்டு அமிழ்ந்துவிடுகிறது என்று மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி எவட் குழுவினர் 2016இல் விளக்கினார்கள். ஆய்வகத்தில் விளக்கொளியில் சோதித்தும் பார்த்தார்கள்.

நான் டிபன் பாக்ஸில் நீரை உறையவைத்து, மேலே ஒரு பேரிங் குண்டையும் அதே அளவு கருங்கல் சில்லையும் வைத்து, மூட்டுவலிக்கு ஒத்தடம் கொடுக்கும் சிவப்பு விளக்கை ஓரடி உயரத்தில் எரியவிட்டேன். சற்று நேரத்தில் பனிக்கட்டியின் மேல்பகுதி முழுவதும் குளமாகி, இரண்டும் ஒரே ஆழத்தில் கிடந்தன. கல் மேலேயே நின்றிருக்க வேண்டாமா?

முதல் பதில்

ஐயா, பிழை விளக்கில்தான். அந்தச் சிவப்பு விளக்கு தருவதில் பெரும்பகுதி அகச்சிவப்புக் கதிர். அதைப் பனியே மேல் அடுக்கில் உறிஞ்சிக்கொள்வதால், பொருளுக்கு வேலையின்றிப் பரப்பே உருகிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியோ தெளிந்த பனியை ஊடுருவிப்போய் உள்ளே இருக்கும் கரும்பொருளைச் சூடாக்கும். ஆகவே பலமான வெள்ளை எல்இடி விளக்கைப் பயன்படுத்துங்கள். நம் ஊர் அறை வெப்பத்தில் இது நடக்காது என்பதால், கடைகளில் இருக்கும் கண்ணாடி மூடி போட்ட ஐஸ்கிரீம் பெட்டிக்குள் பனிக்கட்டியை வைத்து, விளக்கை மூடிக்கு வெளியே நிறுத்துவது நல்லது. காய்ச்சி ஆறிய நீரை, பக்கங்களில் தெர்மாகோல் சுற்றி, மேலிருந்து மெல்ல உறையவிட்டால் பால் போன்ற குமிழிகள் பெரும்பாலும் அடிப்பகுதியில் ஒதுங்கிவிடும்.

இரண்டாம் பதில்

விளக்கை மாற்றினாலும் பேரிங் குண்டு உங்களை ஏமாற்றும், ஏனெனில் அதன் பளபளப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். இரண்டையும் மண்ணெண்ணெய் விளக்கின் மேல் காட்டிக் கரி படியவிடுங்கள். சில்லு மிகச் சிறியதாக இருந்தால் கல்லின் உச்சிக்கும் அடிக்கும் வெப்ப வேறுபாடு தோன்ற இடமே இராது. நெல்லிக்காய் அளவாவது வேண்டும். கருங்கல்லின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு 2 முதல் 3 வாட் வரை, இரும்புக்கு அது ஏறத்தாழ 80. உச்சியில் வாங்கிய வெப்பத்தை இரும்பு உடனே அடிக்கு இறக்கிவிடுகிறது, கல் பெரும்பாலும் மேலேயே வைத்துக்கொண்டு காற்றுக்கு இழந்துவிடுகிறது.

இன்னொன்று, உங்கள் எதிர்பார்ப்பையும் சற்றுத் திருத்த வேண்டும். கல் அமிழவே அமிழாது என்று அந்த விளக்கம் சொல்லவில்லை. அண்டார்டிகாவில் மலைத்தொடர் மறித்த இடத்தில் பனிப்பாளம் மேலெழும்புகிறது, காற்று அதன் பரப்பை ஆண்டுதோறும் அரித்துக் குறைக்கிறது. கோடையில் கல் இறங்கும் சிறிதளவை இந்த மேலேற்றம் ஈடுகட்டிவிடும், இரும்பு இறங்குவதை ஈடுகட்டாது. டிபன் பாக்ஸில் மேலேற்றம் கிடையாது. எனவே நீங்கள் ஒப்பிட வேண்டியது இரண்டின் வேகத்தைத்தான்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. சொன்னபடியே மாற்றிச் செய்தேன். இரும்பு தன் உயரத்துக்கு மேல் இறங்கிவிட்டது, கல் பாதிகூடப் புதையவில்லை. ஆனால் இரும்பின் மேலிருந்த நீர் மறுபடி உறைந்து, குழி இருந்த தடமே தெரியாமல் மூடிக்கொண்டது. இது சரியா?

இரண்டாம் பதில் தந்தவர்

மிகச் சரி, கண்காட்சியில் அதைத்தான் முன்னால் வைக்க வேண்டும். கண்ணால் தேடுபவர் அந்த இடத்தைக் கடந்து போய்விடுவார் என்பதால்தான், மான்செஸ்டர் குழு பனி வண்டியின் பின்னால் உலோகம் கண்டறியும் பலகைகளைக் கட்டி இழுத்துத் தேடியது.