லினக்ஸில் வைஃபை டாங்கிள் சிடி டிரைவாகத் தெரிகிறது

புளியரை:
கைட் லினக்ஸ் 22.04 (உபுண்டு வகை), கர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) 5.15. யூஎஸ்பியில் செருகும் வைஃபை டாங்கிள், பெட்டியில் ரியல்டெக் 8811சியூ சிப் என்று இருக்கிறது. செருகினால் வைஃபை வரவில்லை, சிடி ஒன்றுதான் திறக்கிறது. எல்எஸ்யூஎஸ்பி (யூஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் கமாண்ட்) கொடுத்தால் 0பிடிஏ:1ஏ2பி என்ற அடையாள எண் வருகிறது. விண்டோஸில் ஓடுகிறது. என்ன டிரைவர் போடணும் அண்ணாச்சி?

பண்பொழி:
தம்பி, டிரைவருக்கு இப்போதே போகாதீங்க. 1ஏ2பி என்பது வைஃபை எண்ணே இல்லை. விண்டோஸ் டிரைவரை உள்ளே வைத்துக்கொண்டு, செருகியதும் சிடியாக வேஷம் போடுகிற நிலை அது. அந்த வேஷம் கலையாமல் எந்த டிரைவரும் ஒட்டாது.

சூடோ யூஎஸ்பி_மோட்ஸ்விட்ச் -கே -வி 0பிடிஏ -பி 1ஏ2பி

ஆங்கிலத்தில் அடிக்கும்போது 'கே' மட்டும் பெரிய எழுத்து. கமாண்டே இல்லை என்றால் யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச் பொதியை நிறுவணும். அதற்கு நெட் வேணுமே! போனைக் கேபிளில் மாட்டி யூஎஸ்பி டெதரிங் (போனின் நெட்டைக் கணினிக்குக் கொடுப்பது) போடுங்க, அதற்குத் தனி டிரைவர் தேவையில்லை. பிறகு எல்எஸ்யூஎஸ்பி பாருங்க, 0பிடிஏ:சி811 என்று மாறியிருக்கணும்.

மாறினாலும் 5.15-இல் வைஃபை வராது. இந்தச் சிப்பின் யூஎஸ்பி டிரைவர் கர்னலில் சேர்ந்ததே 6.2-இல்தான். லினக்ஸ்-ஜெனரிக்-எச்டபிள்யூஇ-22.04 பொதியை நிறுவி ரீபூட் செய்யுங்க, 6.8 கர்னல் வரும்.

கொல்லங்கோடு:
கிட்ஹப்பில் இருந்து 8821சியூ டிரைவர் ஏற்கெனவே போட்டிருந்தால் அதை முதலில் எடுங்க. டிகேஎம்எஸ் (வெளி டிரைவர்களைக் கர்னலுக்கு ஏற்பக் கட்டும் கருவி) ஸ்டேட்டஸ் என்று கேட்டால் இருக்கிறதா என்று தெரியும். ஒரே டாங்கிளுக்கு ரெண்டு டிரைவர் மல்லுக்கட்டும். செக்யூர் பூட் (கணினி தொடங்கும்போதே நடக்கும் பாதுகாப்புச் சோதனை) ஆனில் இருந்தால் கையொப்பம் இல்லாத வெளி டிரைவரை ஏற்றவும் விடாது. கர்னலோடு வருவதற்கு அந்தத் தொல்லை இல்லை.

ஒவ்வொரு தடவையும் கமாண்ட் அடிக்காமல் இருக்க, யூடெவ் (கருவி செருகியதும் என்ன செய்யணும் என்று பார்க்கும் பகுதி) விதி ஒன்று எழுதி /ஈடிசி/யூடெவ்/ரூல்ஸ்.டி-க்குள் வைங்க: 0பிடிஏ, 1ஏ2பி வந்தால் அதே கமாண்ட் ஓடணும். பலரும் தவறுகிற இடம் இதுதான்: /யூஎஸ்ஆர்/எஸ்பின்/ என்று முழுப் பாதையும் எழுதணும், சூடோ சேர்க்கக் கூடாது.

புளியரை:
சி811 வந்தது. 6.8-இல் வைஃபையும் வந்தது, ரொம்ப நன்றி. ஆனால் அரை மணிக்கு ஒருமுறை அறுந்துபோகிறது. டிமெஸ்ஜி (கர்னல் செய்திகளைக் காட்டும் கமாண்ட்) கொடுத்தால் 'எரர் -71'.

பண்பொழி:
-71 என்றால் யூஎஸ்பி வழியில் தரவு சிதைகிறது. மென்பொருளைத் தோண்டும் முன்னே இணைப்பைப் பாருங்க. கேபினட் முன்பக்கப் போர்ட்டில்தானே செருகியிருக்கீங்க? அங்கிருந்து மதர்போர்டுக்குப் போகிற ஒயர் மெலிசு, அதன் இணைப்பு ஊசியோ (பின்) தளர்ந்திருக்கும். பின்பக்கம் போர்டிலேயே இருக்கிற போர்ட்டில் நேராகச் செருகுங்க, ஹப் வேண்டாம். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவதே 500 மில்லி ஆம்ப். அதைக் கீபோர்டு, மௌஸோடு ஹப்பில் பங்குபோட்டால் அனுப்பும் நேரத்தில் டாங்கிள் மயங்கும்.

சாரல் காலத்தில் நம்ம பக்கம் இணைப்பு ஊசிகளில் களிம்பும் ஏறும். கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பிரஷால் துடைச்சு, நல்லா காய்ந்த பிறகு மாட்டுங்க. அதன்பிறகு -71 வராமல் வைஃபை மட்டும் அறுந்தால் வைஃபையின் பவர் சேவ் (மின்சேமிப்பு) வசதியை நிறுத்திப் பார்க்கலாம்.