பத்தாயிரம் அடிக்குக் கீழே காக்பிட்டை (விமானிகள் அறையை) அழைக்கலாமா? விமானிகளுக்கும் கேபின் குழுவுக்கும் இடையிலான தயக்கம் குறித்து

கேள்வி (கேபின் பணியாளர்):
வணக்கம். உள்நாட்டு விமானச் சேவை ஒன்றில் கேபின் குழுவில் பணிபுரிகிறேன். அண்மையில் விமானம் மேலெழுந்த சற்று நேரத்திலேயே பின்பக்கத்தில் உணவு தயாரிக்கும் இடத்தில் கருகிய வாடை வந்ததால் இன்டர்காமில் தெரிவித்தேன். பத்தாயிரம் அடிக்குக் கீழே அழைக்கக் கூடாது என்று தெரியாதா எனக் கேப்டன் கடிந்துகொண்டார். வாடை உணவு சூடாக்கும் ஓவனிலிருந்து வந்தது, ஆபத்து ஏதுமில்லை. ஆனால் அதைக் கேட்டுக்கொண்டிருந்த இளைய பணியாளர்கள் இப்போது எதற்கும் இன்டர்காமைத் தொடவே அஞ்சுகிறார்கள். விமானிகளின் கவனமும் கலையாமல், சொல்ல வேண்டியதும் விடுபடாமல் இருக்க என்ன செய்யலாம்?

பதில் (ஓய்வுபெற்ற கேப்டன்):
நீங்கள் அழைத்தது சரிதான், அம்மா. அமெரிக்காவில் 1981இல் வந்து, பின்னர் பல நாடுகளும் ஏற்றுக்கொண்ட அந்தப் பத்தாயிரம் அடி விதி, பாதுகாப்புக்குத் தொடர்பில்லாத பேச்சையும் வேலையையும்தான் தடுக்கிறது. புகை, தீ, கருகல் வாடை போன்றவற்றைச் சொல்வதை அது ஒருபோதும் தடுக்கவில்லை.

1989 மார்ச் 10 அன்று கனடாவின் டிரைடன் விமான நிலையத்தில் நடந்ததை ஒவ்வொரு கேப்டனும் படித்திருக்க வேண்டும். ஏர் ஒன்டாரியோவின் ஃபோக்கர் எஃப்-28 விமானத்தில், எஞ்சினை இயக்கத் தொடங்க உதவும் துணை மின்னாக்கி பழுதாகியிருந்தது. எஞ்சினை நிறுத்தினால் மீண்டும் இயக்க அங்கே தரைக் கருவியும் இல்லை. எஞ்சின் ஓடும்போது பனி நீக்கவும் அனுமதியில்லை. இறக்கையில் பனி படிந்திருந்ததைப் பணிப்பெண்ணும், பயணிகளாக வந்திருந்த இரண்டு விமானிகளும் கண்டார்கள். ஒருவரும் காக்பிட்டுக்குச் சொல்லவில்லை. பனியால் விமானம் போதிய உயரம் எழ முடியாமல், ஓடுபாதையைத் தாண்டி மரங்களில் மோதி விழுந்து, 69 பேரில் 24 பேர் இறந்தார்கள். கேபின் குழுவினர் இத்தகைய செய்திகளைக் கொண்டுவருவதை விமானிகள் விரும்புவதில்லை என்ற எண்ணமே தன்னைத் தடுத்ததாக, உயிர்தப்பிய பணிப்பெண் விசாரணையில் கூறினார். அந்த எண்ணம் ஒரே நாளில் உருவாவதில்லை. உங்களுக்குக் கிடைத்ததைப் போன்ற பதில்கள் சேர்ந்துதான் அதை உருவாக்குகின்றன.

பதில் (கேபின் பயிற்சியாளர்):
ஐயா சொன்னதோடு, அதே ஆண்டு ஜனவரியில் இங்கிலாந்தின் கெக்வொர்த் அருகே நடந்த விபத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். பழுதானது இடது எஞ்சின். விமானிகள் நிறுத்தியதோ வலது எஞ்சினை. கேபினில் புகை வந்ததா என்று கேப்டன் கேட்டார், வந்தது என்று பதிலும் கிடைத்தது. எந்தப் பக்கம் என்ற கேள்வி மட்டும் எழவில்லை. வலது எஞ்சினில் கோளாறு என்று அவர் பயணிகளுக்கு அறிவித்தபோது, இடப்பக்கத்தில் நெருப்பைப் பார்த்திருந்த பயணிகளும் கேபின் குழுவினரில் மூவரும் அதைக் காக்பிட்டுக்குத் தெரிவிக்கவில்லை. 47 பேர் இறந்தார்கள். ஆகவே மரியாதை என்பது புன்னகையோடு வணக்கம் சொல்வதில் முடிந்துவிடுவதில்லை. மற்றவர் கண்ணில் பட்டது என்ன என்று கேட்டு வாங்குவதும் கேப்டனின் கடமையே. புறப்படுமுன் நடக்கும் பிரீஃபிங்கில், "சந்தேகம் இருந்தாலும் அழையுங்கள், தவறாக இருந்தால் நான் கோபிக்க மாட்டேன்" என்று கேப்டன் தம் வாயால் சொல்லிவிட்டால், புதிதாகச் சேர்ந்தவருக்கும் துணிவு வந்துவிடும்.

பதில் (துணை விமானி):
எங்கள் பக்கத்திலிருந்து ஒன்று. மேலெழும் நேரத்தில் ரேடியோவும் சரிபார்ப்புப் பட்டியலும் ஒருசேர நெருக்கும்போது, "ஏதோ வாடை வருகிறது" என்று மட்டும் கேட்டால் எங்களால் எதையும் முடிவு செய்ய இயலாது. எங்கே, எப்படிப்பட்ட வாடை, புகை தெரிகிறதா, நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு காக்பிட் கதவு பூட்டியே இருப்பதால், கேபினில் நடப்பது பெரும்பாலும் உங்கள் குரல் வழியாகத்தான் எங்களுக்குத் தெரிகிறது. நடந்ததைக் கேப்டன் மீதான புகாராக இல்லாமல் பாதுகாப்பு அறிக்கையாக எழுதிக்கொடுங்கள். அப்போதுதான் விதியைத் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது அடுத்த கூட்டுப் பயிற்சியில் விவாதத்துக்கு வரும்.