மூன்று வளாகங்களையும் புறவழிச்சாலைக்குக் கொண்டுபோகலாமா?

வடகரை:
அரசு உதவிபெறும் நம் பள்ளியின் நிர்வாகம் அனுப்பிய சுற்றறிக்கை எல்லோர் வீட்டுக்கும் வந்திருக்கும். வராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆற்றங்கரைத் தெருவில் நடக்கும் தொடக்கப் பள்ளி, கடைத்தெரு வளாகத்தில் நடக்கும் 6 முதல் 8 வரையிலான வகுப்புகள், புறவழிச்சாலையில் உள்ள மேல்நிலைப் பள்ளி ஆகிய மூன்றையும் அடுத்த கல்வியாண்டு முதல் புறவழிச்சாலை வளாகத்திலேயே நடத்தப்போகிறார்களாம். பழைய கட்டடம் பாதுகாப்பில்லை, ஆசிரியர்களைப் பகிர்ந்துகொள்ளலாம், ஆய்வகமும் மைதானமும் எல்லோருக்கும் கிடைக்கும் என்று காரணம் சொல்கிறார்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கருத்துச் சொல்லலாமாம்.

என் மகள் இரண்டாம் வகுப்பு. இப்போது பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே பள்ளிக்குப் போகிறாள். புறவழிச்சாலை இரண்டரைக் கிலோமீட்டர். நடுவில் மணல் லாரிகள் ஓடும் சாலையைக் கடக்க வேண்டும். நான் இதை எதிர்க்கிறேன். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
தம்பி, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் நான் இந்த இணைப்பை ஆதரிக்கிறேன். அதற்கான காரணத்தை முழுமையாகச் சொல்லிவிடுகிறேன்.

கடைத்தெரு வளாகத்தில் நான் வேலை பார்த்திருக்கிறேன். 6 முதல் 8 வரை உள்ள பிள்ளைகளுக்கு அறிவியலும் கணிதமும் நடத்த ஓர் ஆசிரியர், மொழிகளுக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர் என்பது கட்டாயக் கல்விச் சட்டம் சொல்லும் குறைந்தபட்ச ஏற்பாடு. அந்த மூவரில் ஒருவர் பயிற்சிக்கோ தேர்தல் வேலைக்கோ போனால் அன்றைக்கு மூன்று வகுப்புக்கும் அந்தப் பாடம் கிடையாது. தேர்தல் பணி, கணக்கெடுப்பு, பயிற்சி என்று ஆண்டு முழுவதும் யாராவது ஒருவர் வெளியே இருப்பார். அதே நேரத்தில் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் முதுநிலை ஆசிரியர்கள் இருக்கிறார்கள், ஆய்வகம் பூட்டிக் கிடக்கும் மணி நேரங்களும் இருக்கின்றன. எட்டாம் வகுப்பு முடிக்கும் வரை ஒரு சோதனைக் குழாயைக்கூடக் கையில் பிடிக்காத பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்புக்கு அனுப்பிக்கொண்டே இருந்தோம்.

தொடக்கப் பள்ளியும் அப்படித்தான். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 90 வரை மூவர் என்பது விதி. ஐந்து வகுப்புகளை மூன்று பேர் நடத்தினால், ஒரே அறையில் இரண்டு வகுப்புகள் உட்காரும். ஒரு வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கும்போது இன்னொரு வகுப்பு எழுதிக்கொண்டிருக்கும். இதை நல்ல கல்வி என்று என்னால் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஊரில் வசதி உள்ளவர்கள் ஏழரை மணிக்கே பிள்ளைகளை வேனில் ஏற்றிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள ஆங்கிலவழிப் பள்ளிகளுக்கு அனுப்புகிறார்கள். தூரம் அவர்களைத் தடுக்கவில்லை. நல்ல பள்ளி என்று நம்பினால் பெற்றோர் அனுப்புவார்கள். நாம் நல்ல பள்ளியாக மாறாவிட்டால் மூன்று வளாகங்களும் இருக்கும், பிள்ளைகள் இருக்க மாட்டார்கள்.

பழைய மாணவி:
ஐயா, உங்களிடம் படித்தவள் என்ற மரியாதையோடுதான் மறுக்கிறேன்.

வேனில் அனுப்புகிறவர்கள் ஏற்கெனவே போய்விட்டார்கள். ஆற்றங்கரைப் பள்ளியில் இன்று மிச்சம் இருப்பவர்கள் யார் என்று பாருங்கள். வயலுக்கும் கடைக்கும் சித்தாள் வேலைக்கும் போகிற அம்மாக்களின் பிள்ளைகள். ஏழு மணிக்கு அந்த அம்மாக்கள் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். வேன் கட்டணம் கொடுக்க முடிந்தவருக்குத் தூரம் ஒரு பொருட்டில்லை. கொடுக்க முடியாதவருக்கு அதுதான் எல்லாம். இந்த இரண்டு வகைப் பெற்றோரையும் ஒரே தட்டில் வைப்பது சரியில்லை.

பஸ் இருக்கிறதே என்பார்கள். மாணவர்களுக்கு இலவசப் பயண அட்டை உண்டு, பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் 2021 முதல் கட்டணம் இல்லை. எல்லாம் உண்மை. ஆனால் ஆறு வயதுப் பிள்ளையைத் தனியாக யார் ஏற்றிவிடுவது, யார் இறக்கிக்கொள்வது? அரசு மிதிவண்டி கொடுப்பதும் பதினோராம் வகுப்புக்குத்தான்.

காலை உணவையும் யோசியுங்கள். 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளியில் காலை உணவு தருகிறார்கள். அதைச் சாப்பிட வகுப்பு தொடங்குவதற்கு முன்பே பிள்ளை அங்கே இருக்க வேண்டும். ஆற்றங்கரையில் உள்ள பிள்ளை எழுந்து முகம் கழுவிக்கொண்டு ஓடினால் போதும். புறவழிச்சாலைக்குப் போகிற பிள்ளை பஸ் தாமதமானால் வெறும் வயிற்றோடு முதல் பாடவேளையில் உட்காரும். அந்தத் திட்டத்தை எதற்காகக் கொண்டுவந்தார்களோ, அதே பிள்ளைகளுக்கு அது கிடைக்காமல் போகும்.

செங்கல்:
நான் கட்டடப் பொறியாளர், இதே பள்ளியில் படித்தவன். உணர்ச்சியை ஒதுக்கிவைத்துக் கட்டடத்தை மட்டும் பேசுகிறேன். ஆற்றங்கரைக் கட்டடம் சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய மெட்ராஸ் மாடிக் கட்டடம், அதாவது மரக்கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிக் கூரை போட்டது. மழைக்காலத்தில் கூரையின் மரக்கட்டைகள் ஈரம் குடிப்பதை வெளியே நின்று பார்த்தாலே தெரியும். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஓர் உதவிபெறும் பள்ளியில் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மாநிலம் முழுவதும் பழைய பள்ளிக் கட்டடங்களைத் தேடிப் பார்த்து இடித்தார்கள். அப்படி ஒன்று நம் ஊரில் நடந்த பிறகு விவாதிப்பதற்கு ஒன்றும் இருக்காது.

குடந்தையான்:
கட்டடப் பாதுகாப்பைப் பேசுவதென்றால் நான் பேசியாக வேண்டும். என் ஊர் கும்பகோணம்.

2004 ஜூலை 16 அன்று எங்கள் ஊரில் 94 குழந்தைகள் தீயில் இறந்தார்கள். சத்துணவு சமைக்கும் இடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. கீற்றையும் குறுகலான படிக்கட்டையும்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகள் நடந்தன என்பதைப் பலரும் மறந்துவிட்டார்கள். இடத்துக்கு மீறிய பிள்ளைகள். இறந்தவர்கள் பெரும்பாலும் மாடியில் இருந்த தொடக்கப் பள்ளிக் குழந்தைகள்.

இணைப்பே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. சுற்றறிக்கையில் "மேல்தளம் எழுப்பப்படும்" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த மேல்தளத்தில் உட்காரப்போவது யார்? பன்னிரண்டாம் வகுப்பா, ஒன்றாம் வகுப்பா? எத்தனை படிக்கட்டுகள்? சமையலறை எங்கே? தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று எத்தனை பிள்ளைகளைக் கணக்கிட்டுப் பெறப்பட்டது? இவற்றுக்கு விடை தராமல் பாதுகாப்பு என்ற சொல்லை யாரும் பயன்படுத்தக் கூடாது.

செங்கல்:
நியாயமான கேள்விகள். சிறு பிள்ளைகள் தரைத்தளத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் புறவழிச்சாலை வளாகம் திறந்த வெளி, கான்கிரீட் கட்டடம், நாலாபுறமும் வழி. கும்பகோணத்தில் நடந்ததையும் இதையும் ஒன்றாக வைப்பது பொருந்தாது.

குடந்தையான்:
இன்று பொருந்தாது. மூன்று வளாகத்துப் பிள்ளைகளையும் உள்ளே கொண்டுவந்து, கட்டடம் பாதி எழும்பிய நிலையில் ஜூன் மாதம் பள்ளியைத் திறந்தால் பொருந்தும். கட்டி முடித்துச் சான்றிதழ் பெற்ற பிறகு பிள்ளைகளைக் கூப்பிடட்டும்.

பேரேடு:
நான் கணக்குத் தணிக்கைத் துறையில் இருப்பவன். யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். காலியாகும் இரண்டு மனைகளும் என்ன ஆகும்?

கடைத்தெரு மனையின் மதிப்பு ஊரில் எல்லோருக்கும் தெரியும். உதவிபெறும் பள்ளியின் சொத்தை நிர்வாகம் தன் விருப்பப்படி விற்கவோ வேறு பயன்பாட்டுக்கு மாற்றவோ முடியாது, கல்வித் துறையின் அனுமதி வேண்டும். அது தனியார் பள்ளிகளுக்கான 1973ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. ஆனால் "பயன்பாட்டில் இல்லாத மனை" என்று ஆகிவிட்டால் அனுமதி கேட்பதும் பெறுவதும் எளிதாகிவிடும். சுற்றறிக்கையில் மனையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த மௌனம்தான் எனக்கு உறுத்துகிறது.

பணியிடமும் அப்படித்தான். தொடக்கப் பள்ளி தனி அங்கீகாரத்தோடு நடப்பதால் அதற்கென்று ஒரு தலைமையாசிரியர் இருக்கிறார். மேல்நிலைப் பள்ளியோடு கரைத்துவிட்டால் அந்தப் பணியிடம் நிற்குமா? பிள்ளைகளின் எண்ணிக்கைப்படி எத்தனை ஆசிரியர் வேண்டும் என்று முடிவு செய்யும் அடுத்த பணியிட நிர்ணயத்தில் உபரி என்று எழுதி வேறு ஊருக்கு அனுப்பிவிட்டால், சுற்றறிக்கை சொல்லும் "ஆசிரியர்களைப் பகிர்ந்துகொள்ளலாம்" என்பதில் பகிர்ந்துகொள்ள யார் மிஞ்சுவார்கள்?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
பணியிடம் பற்றிய உங்கள் கேள்வி முக்கியமானது. இரண்டு பள்ளிகளும் தனித்தனி அங்கீகாரத்தோடு ஒரே வளாகத்தில் நடப்பது வேறு, இரண்டையும் ஒரே பள்ளியாக்குவது வேறு. நான் ஆதரிப்பது முதலாவதை. நிர்வாகம் எதைச் செய்யப்போகிறது என்பதை எழுத்தில் தர வேண்டும்.

ஆனால் இணைப்பு என்றாலே சதி என்று பார்க்க வேண்டாம். மத்தியப் பிரதேசத்தில் "ஒரே வளாகம், ஒரே பள்ளி" என்று சுமார் 35,000 பள்ளிகளை 16,000 அளவில் இணைத்தார்கள். தலைமையும் ஆசிரியரும் ஒரு குடைக்குள் வந்தால் பாடம் நடக்கும் என்பதுதான் அதன் நோக்கம்.

பழைய மாணவி:
அந்த எடுத்துக்காட்டு நமக்கு உதவாது ஐயா. அங்கே இணைத்தவை ஏற்கெனவே ஒரே வளாகத்துக்குள் தனித்தனிப் பெயர்ப்பலகையோடு நடந்த பள்ளிகள். எந்தக் குழந்தையும் கூடுதலாக ஓர் அடி நடக்க வேண்டியிருக்கவில்லை.

நமக்குப் பொருந்துவது உத்தரப் பிரதேசம். 2025 ஜூனில் 50க்கும் குறைவான பிள்ளைகள் உள்ள பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளியோடு சேர்க்க உத்தரவு போட்டார்கள். பெற்றோர் உயர்நீதிமன்றம் போனார்கள். ஜூலையில் சீதாபூர் மாவட்டத்தில் இருந்த நிலையே தொடரட்டும் என்று நீதிமன்றம் சொன்னது. பிறகு, ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பள்ளிகளைச் சேர்க்க மாட்டோம் என்று அந்த அரசே அறிவித்தது. ஒரு கிலோமீட்டர் என்ற எல்லை எங்கிருந்து வந்தது? ஐந்தாம் வகுப்பு வரை வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள், எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்பது கட்டாயக் கல்விச் சட்டத்தின் விதி. அதற்கும் பல பத்தாண்டுகள் முன்பே, ஒரு மைலுக்குள் தொடக்கப் பள்ளி என்று காமராசர் ஆட்சியில் ஊர் ஊராகப் பள்ளி திறந்தார்கள். என் அம்மா படித்ததே அதனால்தான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
அம்மா, அந்த விதி அரசுக்கு உரிய கடமை. ஒரு தனிப்பட்ட உதவிபெறும் பள்ளி இடம் மாறுவதைச் சட்டம் நேரடியாகத் தடுக்காது. ஆற்றங்கரைத் தெருவிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் நகராட்சித் தொடக்கப் பள்ளியும் இருக்கிறது.

பழைய மாணவி:
அப்படியானால் நம் பிள்ளைகளை நகராட்சிப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள் என்பதுதானே இதன் பொருள்? அதைச் சுற்றறிக்கையிலேயே வெளிப்படையாக எழுதியிருக்கலாமே. தொடக்கப் பள்ளியை இடம் மாற்றுகிறோம் என்று எழுதிவிட்டு, இந்தத் தெருப் பிள்ளைகளைக் கைவிடுவதை நான் ஏற்க மாட்டேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
கைவிடச் சொல்லவில்லை. பள்ளியே வேன் விட வேண்டும், கட்டணமில்லாமல் விட வேண்டும் என்பதை நான் கூட்டத்தில் வலியுறுத்துவேன்.

வடகரை:
ஐயா, வேன் முதல் ஆண்டு கட்டணமில்லாமல் ஓடும். இரண்டாம் ஆண்டு டீசல் விலை ஏறிவிட்டது என்பார்கள். பக்கத்து ஊரில் ஒரு பள்ளி இடம் மாறியபோது இதுதான் நடந்தது, என் அக்காள் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். மூன்றாம் ஆண்டு வேன் நின்றுவிட்டது. மூத்தவன் எப்படியோ தொடர்ந்தான், தங்கையை நிறுத்திவிட்டுத் தெரு முனையில் இருந்த வேறு பள்ளியில் சேர்த்தார்கள்.

6 முதல் 8 வரையிலான வகுப்புகள் புறவழிச்சாலைக்குப் போகட்டும். ஆசிரியர் பற்றியும் ஆய்வகம் பற்றியும் நீங்கள் சொன்னது எனக்குச் சரியாகவே படுகிறது. பத்து பதினோரு வயதுப் பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து பஸ்ஸில் போய்விடுவார்கள். ஒன்று முதல் ஐந்து வரை மட்டும் ஆற்றங்கரையை விட்டு நகரக் கூடாது. கட்டடம் பழையதென்றால் அதே மனையில் புதிதாகக் கட்டட்டும்.

செங்கல்:
அதே மனையில் கட்ட முடியும். இடம் போதும். கட்டும் காலத்தில் பிள்ளைகளை எங்கே வைப்பது என்பதுதான் சிக்கல்.

பேரேடு:
கடைத்தெரு வளாகம்தான் காலியாகப்போகிறதே. வீட்டிலிருந்து அதுவும் நடக்கும் தூரம்தான். அங்கே ஓராண்டு தொடக்கப் பள்ளியை நடத்திவிட்டு, ஆற்றங்கரையில் கட்டி முடித்ததும் திரும்பலாம். மனையும் பயன்பாட்டில் இருக்கும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
இதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. ஐந்து வகுப்புக்கு மூன்று ஆசிரியர் என்ற நிலை ஆற்றங்கரையில் அப்படியேதான் இருக்கும். புதிய கட்டடம் வந்தாலும் ஒரே அறையில் இரண்டு வகுப்புகள்தான் உட்காரும். அதற்கு உங்களில் யாரும் இதுவரை பதில் சொல்லவில்லை.

பழைய மாணவி:
பதில் சேர்க்கையில்தான் இருக்கிறது ஐயா. பிள்ளைகள் கூடினால் பணியிடம் கூடும், அந்த விதியை மேலே எடுத்துச் சொன்னதே நீங்கள்தான். பள்ளி மூடப்போகிறது என்ற பேச்சு பரவியதிலிருந்தே வடக்குத் தெருவில் பலர் அங்கன்வாடிப் பிள்ளைகளை வேறு இடத்தில் சேர்க்க விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். பள்ளி இங்கேயே இருக்கும் என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்தால் நான் வீடு வீடாகப் போய்ச் சேர்க்கைக்குப் பேசத் தயார். செங்கல், கூரையைப் பார்த்து எழுத்தில் ஓர் அறிக்கை தர உங்களால் முடியுமா? கூட்டத்துக்கு முன்பு கையில் இருந்தால் நல்லது.

செங்கல்:
தலைமையாசிரியர் அனுமதி தந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே பார்க்கிறேன். மழை பெய்தால் இன்னும் நல்லது, கசிவு எங்கே என்று தெரியும். இரண்டு வகுப்பறைகளின் கூரைப் பூச்சைக் கொஞ்சம் பெயர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும், அதற்கும் சேர்த்தே அனுமதி வாங்குங்கள்.